கஞ்சி போட்ட சட்டை

ஜனவரி 9

குழாய்த் தம்பிக்கு,

சங்கத்தின் அழைப்பிதழ் கிடைத்தது. பளபளவென்று இருக்கிறது, கையில் எடுத்தால் வழுக்குகிறது. நினைவு மண்டபத்தில் புதிதாகக் காட்சிக்கூடம் திறக்கிறீர்களாம். திரும்பி வராத நீர்மூழ்கிப் படகில் போனவர்களின் பொருள் ஏதாவது இருந்தால் வீட்டார் தந்து உதவ வேண்டுமாம். அமைச்சர் வருகிறாராம். கீழே ‘செயலாளர்’ என்று உன் கையெழுத்து. நீர்மூழ்கியில் எல்லோரும் உன்னைக் குழாய் என்றார்கள், சமையல்காரரான என் வீட்டுக்காரரைக் கரண்டி என்றார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது, கோபித்துக்கொள்ளாதே.

போன வருஷம் நினைவு நாளுக்கு வந்தேன். வந்தது என் புத்திகெட்டத்தனம். உங்கள் தலைவர் மைக்கைப் பிடித்தார், விடவில்லை. ‘அலைகளின் மடியில் உறங்கும் முத்துக்கள்’ என்றார். முத்தாம்! அவர் அந்தப் படகில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. வேறு படகுக்குக் கேப்டன், பத்திரமாகக் கரையேறினார், இப்போது முத்துக் கணக்குச் சொல்கிறார். பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டீர்கள். மண்டபமே சேர்ந்து ‘பணியில்!’ என்று கத்தியது. செத்தவர்களைச் செத்தார்கள் என்று சொல்ல உங்களுக்கு நாக்கு வராது. இத்தனை வருஷமாக லீவே இல்லாத பணி!

அதோடு விட்டார்களா? நீர்மூழ்கி வடிவத்தில் கேக். தலைவர் கத்தியை எடுத்து நடுவில் வெட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு துண்டை நீட்டினார்கள். இது எந்த அறை, இதில் யார் இருந்தார்கள் என்று தோன்றிவிட்டது தம்பி. தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.

உங்கள் மண்டபத்தில் எல்லாம் பித்தளை, எல்லாம் பளபளப்பு. அக்குள் உள்ள ஒரு மனிதன்கூட அங்கே இல்லை. அதனால் ஒன்று தருகிறேன். கடைசியாக வீட்டுக்கு வந்தபோது அவர் போட்டிருந்த வெள்ளைச் சமையல் சட்டை. வழக்கம்போல, “உள்ள வராதீங்க, அங்கயே கழட்டுங்க” என்று பின்வாசலிலேயே நிறுத்தினேன். ஊற வைக்கலாம் என்று மூலையில் போட்டேன். மறுநாளே அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். புதுச் சட்டையோடு போனார். படகு வரவில்லை, செய்தி வந்தது. பழைய சட்டையைத் துவைக்கவில்லை. வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் போட்டு, ரப்பர் வைத்து மூடிவிட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை திறப்பேன், முகத்தைச் சுளிப்பேன், மூடுவேன். நீ உருக வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. அன்றைக்கும் நாறியது, இன்றைக்கும் நாறுகிறது.

நிபந்தனை ஒன்றுதான். துவைக்கக் கூடாது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, அதற்கு ஒரு மூடி போடுங்கள். முதலில் அமைச்சர் முகரட்டும். பிறகு பேசட்டும்.

அண்ணி

ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தைக் கமிட்டிக் கூட்டத்தில் வாசித்தேன். கேக் சம்பந்தப்பட்ட பத்தியை மட்டும் விட்டுவிட்டேன். அந்தக் கேக்கைத் தலைவரின் மருமகள் செய்திருந்தார்.

தலைவருக்குச் சட்டை பிடிக்கவில்லை. “அது சுகாதாரமா? பள்ளிக்கூடப் பிள்ளைங்கள்லாம் வருவாங்களே” என்றார். பொருளாளர் ஒரு படி மேலே போய், “வாசனை திரவியம் கொஞ்சம் தெளிச்சு வெச்சா என்ன?” என்று கேட்டார். அண்ணி, நானும் பல வருஷம் கமிட்டிகளில் உட்கார்ந்து பிட்டம் தேய்ந்தவன். மனிதர்களை இவ்வளவு பொறுமையாக அருவருத்தது அன்றைக்குத்தான். ஒரு கட்டத்தில், “அப்ப அந்தப் படகுல செத்தவங்களுக்கும் சேர்த்து ஒரு பாட்டில் வாங்கிடுங்க” என்று வாயை விட்டேன். அதற்குப் பிறகு தீர்மானம் நிறைவேறியது.

பெட்டிக்கு அளவு கொடுத்துவிட்டேன். ஓட்டை உண்டு, மூடி உண்டு. பக்கத்தில் அண்ணனின் பெயரும் ‘சமையல்’ என்பதும் மட்டும் இருக்கும். முத்து, மடி எதுவும் கிடையாது. சட்டை வந்து சேர்வதிலிருந்து திரும்புவது வரை என் பொறுப்பு. துவைக்க மாட்டோம். இது என் வாக்கு.

விழாவுக்குத் தாங்கள் அவசியம் வர வேண்டும்.

பணிவன்புடன்,
செயலாளர் (குழாய்)

பிப்ரவரி 2

தம்பி,

ஜாடியை மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். மூடி திறக்காமலேயே காரின் ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு புறப்பட்டார். படித்த பிள்ளை, முகம்தான் சொன்னது.

விழாவுக்கு நான் வரவில்லை. முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள், படி ஏறக் கூடாதாம். நல்லதாயிற்று. அமைச்சர் ஓட்டையில் மூக்கை வைத்த பிறகு அவர் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுது.

ஜாடியைக் கொடுத்த பிறகு அலமாரியில் அந்த இடம் மொட்டையாக இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அண்ணி

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்கிறார்கள்.

விழா சிறப்பாக நடந்தேறியது. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். நாற்காலி போதவில்லை. அமைச்சர் தாமதமாக வந்து சீக்கிரமாகப் போனார். இம்முறை கேக் இல்லை. அண்ணனின் சட்டையை வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். மிகக் கம்பீரமாக இருந்தது என்று பலரும் சொன்னார்கள்.

அமைச்சர் ஓட்டை அருகே வந்தார். நேரக்குறைவினால் முகர இயலவில்லை. மண்டபத்தின் வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. மழைக்காலத்துக்குள் கூரையைப் பார்க்க வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை.

பணிவன்புடன்,
செயலாளர்

மார்ச் 6

செயலாளருக்கு,

கம்பீரமா? அந்தச் சட்டையா? கூரையைப் பற்றி எனக்கு எதற்கய்யா எழுதுகிறாய்?

சங்கத்தின் பத்திரிகை இன்றைக்குத்தான் தபாலில் வந்தது. ஆறாம் பக்கத்தில் படம். கண்ணாடிக்குள் ஒரு சட்டை நிற்கிறது. கொக்கு இறகுபோல வெள்ளை. கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு எடுத்து, விறைப்பாக நிற்கிறது. இடது பக்கம் கீழ்விளிம்பில் கை துடைத்துத் துடைத்துக் கறுத்துப்போன இடம் ஒன்று இருக்குமே, அது எங்கே? பிய்ந்திருந்த மூன்றாவது பித்தான் எப்படி முளைத்தது? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அது அவர் சட்டைதான். காலருக்குள் நான் போட்ட நீல நூல் தையல் தெரிகிறது.

எவன் துவைத்தான்?

எனக்கு அவருடைய உடல் கிடைக்கவில்லை. ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை. கல்லில் பெயர் வெட்டிக் கொடுத்தார்கள், கல்லை முகர்ந்தால் கல் வாடைதான் வரும். அவர் வாழ்ந்தார், வேர்த்தார், நாறினார் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஜாடி ஒன்றுதான். அதைக் காப்பாற்று என்றுதான் உன்னிடம் கொடுத்தேன். உனக்கு ஒரு வேலை, ஒரே ஒரு வேலை: எதுவும் செய்யாமல் இருப்பது. அதுகூட முடியவில்லையா?

உங்கள் சங்கம், உங்கள் மண்டபம், உங்கள் கஞ்சி, எல்லாவற்றையும் நினைத்தாலே எனக்கு ஓங்கரிக்கிறது. உண்மையை எழுது. உபசாரம் எழுதினால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

மார்ச் 13

அண்ணி,

நான்தான் துவைத்தேன். தனியாக இல்லை, மூன்று பேர். ஆனாலும் வாக்குக் கொடுத்தவன் நான்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் பெட்டியில் சட்டையை மாட்ட உட்கார்ந்தோம். எங்களோடு அதே படகில் இருந்து, கடைசிப் பயணத்துக்கு முன்பே மாற்றலாகிப் போன டார்ப்பிடோவும் செவிடரும் உதவிக்கு வந்திருந்தார்கள். செவிடருக்குக் காது நன்றாகக் கேட்கும். படகில் தண்ணீருக்கு அடியில் சத்தம் கேட்டுச் சொல்கிற வேலை அவருக்கு, அதனால் அந்தப் பெயர். நான் ஜாடியைத் திறந்தேன்.

அது எப்படி வந்தது என்று எழுதத் தெரியவில்லை. டார்ப்பிடோ தரையில் உட்கார்ந்துவிட்டார். செவிடர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. டார்ப்பிடோ, “நாளைக்கு அத்தனை பெரிய ஆளுங்க முன்னாடி நம்ம கரண்டிய இப்படியாடா நிறுத்துறது? காலரப் பாரு. ரிப்போர்ட் போட்டுருவாங்கடா அவன் மேல” என்றார். கிறுக்குப் பேச்சுதான். ஆனால் அண்ணி, எங்கள் மூன்று பேருக்கும் அது கிறுக்காகப் படவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. துறைமுகத்துக்கு வந்ததும் அதிகாரி உடுப்புச் சோதனை வைப்பார். அந்த நேரத்தில் ஒருவன் பணியில் மாட்டியிருந்தால் அவன் உடுப்பை மற்றவர்கள் எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, அவன் கட்டிலில் வைத்துவிடுவோம். கேட்க மாட்டோம், சொல்ல மாட்டோம். கூட்டாளியை அழுக்கோடு வரிசையில் நிறுத்துவதைவிடக் கேவலம் எங்களுக்கு வேறில்லை. அண்ணன் பணியில்தானே இருக்கிறார்? வருஷா வருஷம் அப்படித்தானே கத்துகிறோம்?

தண்ணீர் பிடித்தது செவிடர். பித்தான் தைத்தது டார்ப்பிடோ. கசக்கியதும் இஸ்திரி போட்டதும் நான். கை தண்ணீரில் இருந்தபோது உங்களுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. நிறுத்தவில்லை. தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி வந்தது. அதைத் தொட்டியில் ஊற்றினேன். அது வடிந்து போகிறதைப் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. என்மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அடுத்த நாள் அமைச்சர் ஓட்டையில் மூக்கை வைத்து, “நல்ல சோப்பு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இதைத்தான் போன கடிதத்தில் மறைத்தேன்.

ஒரு யோசனை இருக்கிறது. பயிற்சிக்காக ஒரு பழைய நீர்மூழ்கியைக் கரையோரம் கட்டி வைத்திருக்கிறார்கள். அனுமதி வாங்கிவிடலாம். நாங்கள் மூன்று பேரும் ஒரு வாரம் உள்ளே இருந்து, டீசல் ஓட விட்டு, முறை வைத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு சமைத்தால் ஓரளவுக்கு அந்த நாற்றத்தைக் கொண்டுவந்துவிடலாம் என்று டார்ப்பிடோ சொல்கிறார்.

இதோடு சட்டையை அனுப்பியிருக்கிறேன். எது வேண்டுமானாலும் திட்டுங்கள்.

குழாய்

மார்ச் 21

சீ! சீ!

மூன்று கிழவர்கள் மாற்றி மாற்றிப் போட்டு வேர்த்த சட்டையை நான் ஜாடியில் வைத்து வருஷத்துக்கு ஒரு தடவை முகர வேண்டுமா? எந்த நாற்றம் எந்தக் கிழவனுடையது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? உங்களுக்கு மூளை என்று ஒன்றைக் கடற்படையில் கொடுக்கவே இல்லையா? டார்ப்பிடோவை முதலில் ஒரு டாக்டரிடம் காட்டு.

உடுப்புச் சோதனை வழக்கம் எனக்குத் தெரியும். அவர் சொல்லியிருக்கிறார். உன் காற்சட்டையை அவர் துவைத்த கதையும் சொல்லியிருக்கிறார், அதை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை என்று தெரிகிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன். பாசத்தோடு அல்லவா என் வீட்டுக்காரரைத் தொட்டியில் ஊற்றியிருக்கிறீர்கள்!

இப்போது கேள். எனக்குப் பயமாக இருக்கிறது. சட்டை வந்ததும் முகர்ந்தேன். கஞ்சி, சோப்பு, இஸ்திரிச் சூடு. யார் வீட்டுச் சட்டையாகவும் இருக்கலாம். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். டீசல் வருகிறது. அதற்கு அப்புறம் வர மாட்டேன் என்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை திறந்ததனால்தான் இதுவரை தங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் எனக்கும் அவர் முத்தாகிவிடுவார்.

நீயும் அவரும் ஒரே கட்டிலில் முறை வைத்துப் படுத்தவர்கள். வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்று உன்னைக் கரையில் விட்டுவிட்டுப் போகும் வரைக்கும் அவர் பக்கத்தில் இருந்தவன் நீ. எழுது. அவர் எப்படி நாறினார் என்று எழுது. அழகான சொல் ஒன்று கண்ணில் பட்டாலும் கிழித்துவிடுவேன். அதை எழுத வக்கில்லையென்றால் நினைவு நாளில் அவர் பெயரைக் கூப்பிடாதீர்கள். தெரியாத ஆளுக்கு எதற்கு அந்தக் கத்தல்?

ஏப்ரல் 2

அண்ணி,

அறிக்கை எழுதிப் பழகின கை. நாலு தாள் கிழித்தேன். இனி உள்ளது உள்ளபடி. சாப்பிட்டுவிட்டுப் படிக்காதீர்கள்.

அவர் எழுந்து அடுப்புக்குப் போவார், நான் வந்து அதே கட்டிலில் விழுவேன். மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை. அவருடைய வேர்வை அதில் குட்டையாகத் தேங்கியிருக்கும், சூடு ஆறியிருக்காது. முதுகை வைத்தால் சப்பென்று ஒட்டும். துடைக்கத் துணி கிடையாது, துணியும் ஈரம். முதல் வாரம் குமட்டும். இரண்டாவது வாரம் அந்தச் சூடு இல்லாவிட்டால் தூக்கம் வராது.

தலையணையில் எண்ணெய்ச் சிக்கு. பழைய எண்ணெய், திரும்பத் திரும்பக் காய்ந்தது. அதோடு கருகின வெங்காயம். அக்குள் புளித்துப் பொங்கின மாவு. கால் இருக்கிறதே, அது தனி ஆள். காலுறையைக் கழற்றித் தரையில் வைத்தால் மடங்காது, நிற்கும். கட்டிலுக்கு அடியில் அதைப் பார்த்துச் செவிடர் ஒரு நாள் சல்யூட் அடித்தார்.

ரொட்டியில் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். நல்ல நடுப்பகுதியை எங்களுக்கு அறுத்துக் கொடுத்துவிட்டு ஓரத்தை அவர் தின்பார். அதனால் வாயில் எப்போதும் ஈரச் சுவர் வாடை. பட்டாணி வேகவைத்த நாளில் அவர் விடும் காற்றைப் படகு முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஜன்னலா இருக்கிறது? கேப்டன் திரும்பியே பார்க்க மாட்டார், “கரண்டி, வெளிய போடா” என்பார். வெளியே கடல். அண்ணன்தான் முதலில் சிரிப்பார்.

ஒரு தடவை கழிப்பறைத் தொட்டியைக் கடலுக்குள் காலி பண்ணக் காற்றழுத்தம் ஏற்றியிருப்பது தெரியாமல் அண்ணன் வால்வைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்ததெல்லாம் திரும்பி அவர் முகத்தில் அடித்தது. தலை, காது, மூக்கு, எல்லாம். குளிக்க நல்ல தண்ணீர் கிடையாது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. டீசல் நனைத்த துணியால் நான்தான் துடைத்துவிட்டேன். அரை மணியில் அடுப்புக்குப் போய்ச் சூப் வைத்தார். எல்லோரும் குடித்தோம் அண்ணி. நான் இரண்டாவது தடவையும் வாங்கினேன். அதற்குப் பிறகு கரை சேரும் வரை அவர் பக்கத்தில் மலமும் டீசலும் கலந்து அடித்தது. அதைத்தான் நீங்கள் பின்வாசலில் நிறுத்தியிருப்பீர்கள்.

கடைசியாக ஒன்று. துறைமுகத்தில் மேல்மூடியைத் திறப்பார்கள். வெளிக்காற்று உள்ளே வரும். அதுதான் எங்களுக்கு நாறும். சுத்தமான காற்று பட்டதும் எத்தனையோ பேர் வாந்தி எடுத்திருக்கிறோம். அப்போதெல்லாம் அண்ணன் பக்கத்தில் போய் அவர் தோளில் மூக்கை வைத்துக்கொள்வேன். மூச்சு சரியாகும்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

குழாய்

ஏப்ரல் 10

தம்பி,

ஆமாம். அவர்தான்.

முதல் பக்கம் முடிவதற்குள் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். கழிப்பறைக் கதை எனக்குத் தெரியாது. படுபாவி, ஏதோ கிரீஸ் என்று என்னிடம் சொன்னார். அந்த வாரம் இரண்டு சோப்புக் கட்டி தீர்ந்தது. இத்தனை வருஷம் கழித்து அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம், உயிரோடு இருக்கிறவர்மேல் வருகிற மாதிரி. வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து அறையிலிருந்து மகள் ஓடி வந்து யாரென்று பார்த்தாள்.

ஒன்றை விட்டுவிட்டாய். காதுக்குப் பின்னால் சோப்பு வாசம். வீடு திரும்பும் நாளில் எங்கிருந்தோ ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் பிடித்து அங்கே மட்டும் கழுவிக்கொண்டு வருவார். மிச்ச உடம்பெல்லாம் சாக்கடை, அந்த இரண்டு இடம் மட்டும் சுத்தம். அது உனக்குத் தெரிய நியாயமில்லை. நீ அவர் எழுந்து போன பிறகு படுத்தவன். நான் அவர் இருக்கும்போது படுத்தவள். அதை நானே உன் கடிதத்தின் ஓரத்தில் எழுதிச் சேர்த்துவிட்டேன்.

சட்டையை வெட்டி அடுப்படித் துணி ஆக்கிவிட்டேன். கஞ்சி போக இரண்டு தடவை அலச வேண்டியிருந்தது. நல்ல துணி, தண்ணீரை நன்றாக இழுக்கிறது. டார்ப்பிடோ தைத்த பித்தானைப் பிய்க்கத்தான் முடியவில்லை, அந்த மனுஷன் அவ்வளவு கெட்டியாகத் தைத்திருக்கிறார் என்று அவரிடம் சொல்.

உன் கடிதத்தை ஒரு பிரதி எடுத்து இதோடு அனுப்புகிறேன். வருகிற நினைவு நாளில் பெயர் வாசிப்பதற்கு முன்னால் மைக்கில் இதை முழுசாகப் படிக்க வேண்டும். காலுறை, பட்டாணி, தொட்டி, ஒன்றையும் விடக் கூடாது. கமிட்டியைக் கேட்காதே. கேட்டால் தெளிப்பதற்கு ஒரு பாட்டிலோடு வருவார்கள். முட்டி ஆறிவிட்டது, நான் முதல் வரிசையில் இருப்பேன். நீ அழக் கூடாது. அழுதால் மேடைக்கே வந்து அறைவேன். தலைவர் கைக்குட்டையை எடுத்தால் நிறுத்தாதே, இன்னும் உரக்கப் படி. மண்டபத்தில் கடைசி ஆள் வரை மூக்கைப் பொத்திய பிறகுதான் அவர் பெயரைக் கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் கூப்பிட்டால் அது வேறு யாரோ.

அண்ணி